பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்

மாடிப்படிக் கைப்பிடியில் மேலிருந்து மூன்றாவது கால், அம்மா கை வைத்ததும் டக்கென்று விட்டுக்கொண்டு வெளிப்பக்கம் சாய்ந்தது. நான் வடாம் மாவு குண்டானோடு இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு 74 வயது. நல்லவேளை, சட்டென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அடி எதுவும் இல்லை. கனடாவில் கால்கரிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அந்த டக் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மே மாதம் மூன்று வார லீவில் வேலூர் போயிருந்தேன். பேங்க் வேலை, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தன. எழுத வேண்டியது இந்தக் கைப்பிடியைப் பற்றித்தான்.

எங்கள் வீடு காங்கேயநல்லூரில். அப்பா 1986-ல் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளைப் போலவே மாடிப்படி வெளியே, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. அதில்தான் ஏறி இறங்கி வளர்ந்தோம். கத்திரி வெயில் தொடங்கினால் வேலூரில் யார் வீட்டு மொட்டை மாடியும் சும்மா இருக்காது, வடாமும் வத்தலும் காயும். முழங்கால் வலியோடு அம்மா இன்னும் மேலே ஏறுகிறார் என்று தெரிந்ததும் இந்த முறை கைப்பிடி போடாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கனடாவில் வீட்டுப் படிக்குத் தடுப்பு போட்டால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் பந்து நுழையக்கூடாது. குழந்தை தலையை விட்டுக்கொள்ளும் என்பதற்காக அந்தக் கணக்கு. நானும் அப்படியே தாளில் வரைந்து வைத்திருந்தேன்: 3 அடி உயரம், 4 அங்குல இடைவெளி, கால்களுக்கு 2 எம்எம் கனமுள்ள பைப். தெரிந்தவர் ஒருவர் சொன்ன பட்டறைக்காரர் வந்து அளவெடுத்தார். 18 அடிக்கு அடி 650 ரூபாய் என்று பேசி, 6,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் தொடங்கியது போன். "இதோ பாலாத்துப் பாலத்தாண்ட வந்துக்கினு கீறேன் சார்." பாலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது நாள் அவர் பாலத்திலேயே இருந்தார். மூன்று வார லீவில் ஒன்பது நாள் என்றால் என்ன என்பது வெளியூரில் இருக்கிறவர்களுக்குப் புரியும். பத்தாம் நாள் நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது கைப்பிடியைக் கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பார்த்த சந்தோஷத்தில் மீதிப் பணத்தையும் கொடுத்தேன். மூன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்னது நடந்தது.

உடைந்த இடத்தைச் சாவியால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி, சோப்பு மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. அதற்கும் அடியில், நாலு பக்கமும் ஓட வேண்டிய வெல்டிங் இருந்த இடத்தில், நெற்றிப் பொட்டு அளவுக்கு இரண்டே இரண்டு புள்ளி. எனக்குக் கை நடுங்கியது. போன் செய்தால், "வெயிட்டு ஏத்தினீங்களா சார்?" என்று கேட்கிறார். கைப்பிடி என்பதே ஆள் சாயத்தானே!

பக்கத்து வீட்டு அக்கா விருதம்பட்டிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார். இளவயதில் ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வெல்டராகப் பதினோரு வருஷம் இருந்தவராம். அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடித்து நிறுத்தும் ராட்சதப் பெட்டிகள் அங்கே தயாராகின்றன. அதில் வேலை பார்த்த கை. வந்தவர் ரேட் பேசவில்லை, தாளையும் கேட்கவில்லை. சின்ன சுத்தியலால் கால்களின் ஒவ்வொரு மூட்டையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சில இடத்தில் டங்கென்றது, பல இடத்தில் சொத்தென்றது. "பதினாலுல நாலுதான் தம்பி வெல்டிங்கு. மிச்சமெல்லாம் டேக் வெச்சி மெழுகினது." டேக் என்றால் முழுசாக ஓட்டாமல் அங்கங்கே புள்ளி மட்டும் வைப்பது.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. 2 எம்எம் என்று பேசிவிட்டு 1.2 எம்எம் பைப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய பைப்பில் கரண்டைக் கொஞ்சம் கூட்டி முழுசாக ஓட்டினால் ஓட்டை விழும். ஓட்டை விழாமல் வைக்கப் பொறுமை வேண்டும். அடிக் கணக்கில் பேசிய வேலையில் பொறுமைக்குக் காசு கிடையாது. அதனால் புள்ளி, புள்ளியை மறைக்கப் பட்டி, பட்டியை மறைக்கப் பெயிண்ட். போதாததற்கு இரண்டு கால் ஜிஐ பைப். அதன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே வைத்ததில் வெல்டிங் முழுக்கப் பொத்தல். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் என்றார். அப்படியென்றால் இந்த வேலையைச் செய்த பையனும் அன்றிரவு நடுங்கியிருப்பான். அதையும் என்னால் சும்மா விட முடியவில்லை.

பெரியவர் நாள் கூலிக்கு வந்தார். அவருக்கு 1,200, கையாளுக்கு 800. இரும்புக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். 20 அடி நீள 12 எம்எம் ஸ்கொயர் ராடு கிட்டத்தட்ட 7 கிலோ நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்.

வெல்டிங் செட்டை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். நான் பையனாக இருந்தபோது எண்ணெய் ஊற்றிய பெரிய டிரான்ஸ்பார்மர் செட்டை மூன்று சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். அது ஓடினால் வீட்டு பல்பெல்லாம் மங்கும். வெளிச்சத்தைப் பார்க்காதே என்று அம்மா அதட்டியும் பார்த்துவிட்டு, ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல அழுதிருக்கிறேன். இந்தத் தடவை பெரியவர் தன் கறுப்புக் கண்ணாடியை என்னிடம் நீட்டி, "இப்ப பாரு" என்றார். பச்சை இருட்டில் வெல்டிங் ராடு முனை உருகி, குட்டை போலத் தேங்கி, அவர் கை அசைவுக்கு மெதுவாக நகர்ந்தது. ஆறியதும் கசடைத் தட்டிவிட்டார். அடியில் கைமுறுக்கு சுற்றினது போல வரிவரியாக, ஒரே அளவில்.

காலையில் வேலை தொடங்கும் முன் ராடு பாக்கெட்டைப் பிரித்து மாடிக் கைப்பிடிச் சுவரில் பரப்பினார். "நமுத்துப்போச்சுன்னா பொறி தெறிக்கும், நிக்காது." ஒரு பக்கம் வெல்டிங் ராடு, அதற்குப் பக்கத்தில் துணி விரித்து அம்மாவின் ஜவ்வரிசி வடாம். இரண்டும் ஒரே வெயிலில் காய்ந்தன. அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து, "அண்ணே, வடாத்துல இரும்புத்தூள் விழப்போவுது" என்றதும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய் அறுத்தார்.

கால்கரியில் வெல்டர் என்றால் தேர்வு எழுதி, ரெட் சீல் என்ற கனடாவின் தொழில் தகுதி முத்திரை வாங்கின தொழிலாளி. போன வருஷம் பின்கட்டு கேட்டில் ஒரு கீலை ஒட்டவைக்க 180 டாலர் கொடுத்தேன். சொன்ன நிமிஷத்துக்கு வந்தார், ரசீது தந்தார், என் முகத்தைக்கூட சரியாகப் பார்க்கவில்லை. அதையும் குறை சொல்ல மாட்டேன், கீல் இன்னும் நிற்கிறது. ஆனால் இந்தப் பெரியவரின் கைக்கு முத்திரை கொடுக்க ஒருவரும் இல்லையே, அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிறவரும் இவரும் ஊரில் ஒரே "வெல்டிங்காரர்" என்ற பேரில் நிற்கிறார்களே என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஊரில் வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பைப் கனம், கிலோ எல்லாவற்றையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முழு வெல்டிங் முடிந்து, கசடு தட்டி, ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பூச்சு) அடிப்பதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் நீங்களோ உங்கள் ஆளோ பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். முதல் ஆளிடம் கொடுத்த பணம் எனக்கு இன்னும் வரவில்லை. "நாளைக்கு சார்" என்கிறார்.

வேலை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே என் விமானம் கிளம்பிவிட்டது. கால்கரியில் இறங்கி போனைத் திறந்தால் பெரியவரின் கையாள் பதினாலு போட்டோ அனுப்பியிருந்தான். பதினாலும் மூட்டுகள், பெயிண்ட் இல்லாமல். எது எந்தக் கால் என்று சாக்பீஸில் நம்பர் போட்டிருந்தது. மறுவாரம் அம்மா ஒரு போட்டோ அனுப்பினார். கறுப்புக் கைப்பிடியின் மேல் முனையில் வடாம் துணியை இரண்டு முடிச்சு போட்டுக் காயக் கட்டியிருந்தார்.