கொக்குவில் மீன் கடை: கப்பி வாங்கலாம், வடிகட்டி வேண்டாம்

வெளியில பார்த்தால் சைக்கிள் திருத்திற கடை மாதிரித்தான். உள்ளுக்க போனால் கப்பி எண்ட சின்ன வளர்ப்பு மீன் நல்ல வடிவு. தொட்டியெல்லாம் கிணத்துத் தண்ணி. எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணி கப்பிக்கு ஒத்துப்போகும், அதால வீட்டை கொண்டந்து விட்டும் சாகேல்லை.

பெட்டைக் கப்பிக்கு ஏன் நிறமில்லை எண்டு ஒரு பெடியன் கேட்டான். "உடம்பு முழுக்க ஆண் மாதிரி நிறமெண்டால் ஹோர்மோன் குடுத்திருப்பாங்கள், தம்பி. வாங்காத" எண்டார் கடைக்கார அண்ணை. ஏவாரி இப்பிடிச் சொல்லுறது அருமை. மெதைல்டெஸ்டொஸ்டெரோன் எண்ட ஆண் ஹோர்மோன் கலந்த தீன் போட்டு நிறமேத்துறது உண்மைதான்.

ஆனா ஹோர்மோன் எண்டால் எல்லா மீனுக்கும் ஒரே பாதிப்பு எண்டும் அண்ணை சொன்னார், அதை நான் ஒத்துக்கொள்ளேல்லை. கனடாவில ஒரு சின்ன ஏரியில 2001 தொடக்கம் 2003 வரை கருத்தடைக் குளிசையில இருக்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் ஹோர்மோனை விட்டுப் பார்த்தவை. லீட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஃபாட்ஹெட் மின்னோ எண்ட சின்ன மீன் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. கனகாலம் வாழுற லேக் ட்ரவுட் எண்ட பெரிய மீன் அந்தளவுக்குக் குறையேல்லை. குறுகின ஆயுசுக்காரருக்கு ரெண்டு மூண்டு வருசம் குஞ்சு தப்பாட்டில் சந்ததியே முடிஞ்சுது. விடுறதை நிப்பாட்டின பிறகு மின்னோ திரும்பப் பெருகினது வேற கதை. அண்ணை கேட்டுட்டு, "அப்ப கப்பியும் கவனம்தான்" எண்டார்.

ஸ்பொஞ்ச் வடிகட்டியை மட்டும் "எல்லாத்தையும் எடுக்கும்" எண்டு விக்கிறார். கழிவு பிடிக்கும், நல்ல பக்டீரியா வளரும். ஹோர்மோனுக்கு அதை நம்பேலாது, செயற்படுத்தின கரி வேணும். அது அங்க இல்லை. அந்த ஸ்பொஞ்ச் வடிகட்டிக்கு விலையும் கூட.