நடைச் சோதனைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு பயணம்

இந்த முறை ஊரில் வங்கி வேலையும் பத்திரப்பதிவு வேலையும் ஆச்சரியப்படும்படி ஒழுங்காக முடிந்துவிட்டன. ஆகவே அவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எழுத வைத்தது மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் முதல் மாடித் தாழ்வாரமும், அங்கே என் பெரியம்மாவுக்குச் செய்யப்பட்ட 6 நிமிட நடைச் சோதனையும்தான். ஆறே நிமிடச் சோதனைக்கு இத்தனை நீளப் புலம்பலா என்று கேட்பவர்கள், வீட்டில் இளைப்பு நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

பெரியம்மா பீடியையோ சிகரெட்டையோ தொட்டதில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் 40 வருடத்துக்கு மேல் சீமைக்கருவேல் விறகில் சமைத்தவர். அதே விறகில் நெல் அவித்தவர். அந்தப் புகை கொடுத்த பரிசுதான் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர்கள் வாயில் சிஓபிடி. ஊதல் சோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்த பிறகு, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும் என நுரையீரல் மருத்துவர் நடைச் சோதனையை எழுதிக்கொடுத்தார். எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஒரு காலத்தில் இளைப்பு என்று போனால் ஊசி போட்டு, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து, குளிர்ந்ததைத் தொடாதீர்கள் என்று அனுப்பிவிடுவார்கள் அல்லவா?

பெருமை லிஃப்ட் வாசல் வரைதான் நீடித்தது. அங்கே ஓர் அட்டெண்டர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். "மூச்சு பேஷன்ட் நடக்கக் கூடாதும்மா, உக்காருங்க" என்றார். நடக்கும் சோதனைக்குத்தான் போகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "அது அங்க போய் நடக்கட்டும் சார், இங்க விழுந்தா எங்க பொறுப்பு." பெரியம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தச் சோதனைக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை, தேவையானது ஒழுங்கு. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சமதளமான 30 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். இரு முனையிலும் திரும்புவதற்கு அடையாளம் வைக்க வேண்டும். நோயாளி தன் வேகத்தில் நடப்பார். முடியாவிட்டால் நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. சோதிப்பவர் கூடவே நடந்து வேகத்தை மாற்றக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் சொல்லும் அதே வாசகத்தைச் சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் குறிப்பதோடு, மூச்சுத்திணறல் 0 முதல் 10 வரை எந்த அளவில் இருக்கிறது என்று நோயாளியிடமே கேட்டு எழுத வேண்டும்.

மதுரைத் தாழ்வாரம் அதிகம் போனால் 12 மீட்டர் இருக்கும். ஒரு முனையில் பில் கவுண்டர் வரிசை, மறுமுனையில் ஸ்கேன் அறைக்காகக் காத்திருப்பவர்களின் செருப்புக் குவியல். பாதை குறுகக் குறுகத் திரும்புவதிலேயே நேரம் போய், தூரம் குறைந்துவிடும். சோதனை செய்த இளைஞர் நல்ல பிள்ளை, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் குழந்தையைப் பரீட்சை எழுத விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுப்பதுபோல, பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தன் வேகத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாவது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் ஒன்று குறுக்கே வந்தது, எல்லோரும் ஒதுங்கி நின்றோம். மூன்றாவது நிமிடத்தில் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியதும், "போதும்மா, சிரமப்படாதீங்க" என்று நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பேசியில் ஓடிய கடிகாரத்தையும் நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து மீதி நேரம் நடந்தார்கள். மூச்சுத்திணறல் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கட்டத்தில் 3 என்று அவரே எழுதிக்கொண்டார். நடந்த தூரம் 198 மீட்டர் என்று அறிக்கை வந்தது.

இந்த எண் வெறும் அலங்காரம் அல்ல. 2004இல் வந்த போடி (BODE) குறியீடு, உடல் எடை விகிதம், மூச்சுக்குழல் அடைப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு இந்த நடைத் தூரத்தையும் சேர்த்துத்தான் நோயின் போக்கைக் கணிக்கிறது. புள்ளி கூடக் கூட நிலைமை மோசம் என்று பொருள். 350 மீட்டரும் அதற்கு மேலும் நடந்தால் புள்ளி இல்லை. 250க்கு மேல் ஒன்று, 150க்கு மேல் இரண்டு, அதற்கும் கீழே போனால் மூன்று. சிகிச்சைக்குப் பிறகு சுமார் 30 மீட்டர் கூடினாலே உண்மையான முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். 12 மீட்டர் தாழ்வாரமும் ஸ்ட்ரெச்சரும் முழங்கைப் பிடியும் சேர்ந்து அந்த 30 மீட்டரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் நடைச் சோதனை ஏறக்குறைய உள்ளூர்ச் சரக்கு. 10 மீட்டர் பாதையில் பீப் ஒலிக்கேற்ப நடந்து, நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தைக் கூட்டும் ஷட்டில் நடைச் சோதனை 1992இல் அங்கிருந்துதான் வந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் அதை முடித்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் சமூகக்கூடத்துக்குப் போய்ச் சைக்கிள் மிதித்தார், எடை தூக்கினார், உதட்டைக் குவித்து மூச்சு விடப் பழகினார். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது அங்கே பொதுவாக 6 முதல் 8 வாரம், காசு கிடையாது. ஆனால் அந்த இடம் கிடைக்க அவர் காத்திருந்த மாதங்களைச் சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். இங்கே காலையில் டாக்டரைப் பார்த்தால் மத்தியானத்துக்குள் எல்லாச் சோதனையும் முடிந்துவிடுகிறது. பயிற்சி முடிந்ததும் அந்த ஓட்டுநர் நடக்கும் தூரம் கூடியது, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடியும் சோபாவில்தான் உட்கார்ந்தார். நடக்க முடிவது வேறு, தினமும் நடப்பது வேறு. முதலாவது கூடினால் இரண்டாவது தானாகக் கூடிவிடுவதில்லை.

ஊரில் நான் கண்டது இதன் மறுபக்கம். முன்பு பெரியம்மா ஊரணியிலிருந்து தண்ணீர் சுமந்தார், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார், செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்கு நடந்தார். இன்று தண்ணீர் கேனில் வருகிறது, மாவு பாக்கெட்டில் வருகிறது, கோயிலுக்கு ஆட்டோ வருகிறது. அவர் எழுந்தாலே அண்ணனும் மதனியும் "இளைக்குதுல்ல, உக்காருங்கம்மா" என்கிறார்கள். அத்தனையும் பாசம்தான், ஆனால் அந்தப் பாசம் தொடைத் தசையைத் தின்றுவிட்டது. இந்த நோயில் மூச்சு முழுதாக வெளியேறாமல் நெஞ்சுக்குள் தங்கும். வேகமாக நடந்தால் தங்குவது இன்னும் கூடும். அதற்குப் பயந்து உட்கார்ந்தால் கால் தசை இளைக்கும். இளைத்த தசை சீக்கிரமே களைத்து அதிக மூச்சைக் கேட்கும். அப்போது முற்றத்தைக் கடப்பதே மலையேற்றமாகிவிடும். பயிற்சியால் ஊதல் சோதனையின் எண் பெரிதாக மாறாது. மாறுவது கால்களின் வலுவும், மூச்சு வாங்கும்போது வரும் பயமும்தான்.

இதற்கு மருத்துவமனையில் ஏதாவது வகுப்பு உண்டா என்று விசாரித்தேன். பிசியோ உண்டு, முட்டிவலிக்குக் கரண்ட் வைப்பார்கள், செஷனுக்குத் தனி பில் என்றார்கள். எரிச்சலோடு ஊர் திரும்பினேன்.

எரிச்சலைத் தணித்தது பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு பெண். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகிறது. பக்கவாதத்தில் படுத்திருந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக வந்த அந்த இயன்முறை மருத்துவரிடம் மதனி பேச்சுக்கொடுத்து வைக்க, அவர் எங்கள் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தார். ஃபைலை முழுதாகப் படித்தார். சமீபத்தில் நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார். இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று செய்து காட்டச் சொன்னார். பிறகு கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, கையை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். பதினொன்று. பெரியம்மாவுக்கே அது அவமானமாக இருந்தது.

அன்று மாலை, கல்லின் சூடு ஆறிய பிறகு, சிவன் கோயில் வெளிப்பிராகாரத்தில் டேப் பிடித்து 30 மீட்டர் அளந்து, முனைக்கொன்றாக இரண்டு செம்புகளை வைத்தார். ஒரு நாற்காலியும் இன்ஹேலரும் பக்கத்தில் இருந்தன. பெரியம்மாவைத் தனியாக நடக்க விட்டுவிட்டு, அவர் தூணோரமாக நின்று நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும், "நல்லா நடக்குறீங்கம்மா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார். ஒருமுறை நின்றபோது கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் நடக்க வைத்தார், முதல் தடவை பழகுவதற்கே போய்விடுமாம். இரண்டில் கூடுதலான தூரம் 264 மீட்டர். ஆக்சிஜன் 94இலிருந்து 89க்கு இறங்கி, உட்கார்ந்த பிறகு ஏறியது. மூச்சுத்திணறலுக்கு எத்தனை என்று கேட்டதற்குப் பெரியம்மா யோசித்து "அஞ்சு" என்றார். மருந்து அதேதான், மனுஷியும் அதே மனுஷிதான். ஆனால் அந்தக் குறியீட்டில் ஒரு புள்ளி குறைந்துவிட்டது.

அவர் எழுதிக்கொடுத்த திட்டத்தில் ஆடம்பரம் இல்லை. காலை வெயில் ஏறும் முன் பிராகாரத்தில் நடை, பேச முடிகிற ஆனால் பாட முடியாத அளவு வேகத்தில். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குதல். வாசல் கோலம் மறுபடியும் பெரியம்மாவின் பொறுப்பு. குப்பை எரிக்கும் புகை கிளம்பும் தெருவோரம் மட்டும் கூடாது. லெஸ்டரில் நடைபாதையும் பெஞ்சும் உண்டு, ஆனால் குளிரும் மழையும் அனுமதி தர வேண்டும்; இங்கே நடைபாதையே கிடையாது, ஆனால் கோயில் உண்டு. அந்த இயன்முறை மருத்துவருக்குப் பார்க்க வேண்டிய ஊர்கள் நிறைய, ஆகவே அடிக்கடி வர முடியாது. கடிகாரம் பிடிக்கும் வேலையை மதனி எடுத்துக்கொண்டார். கோலம் விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இரண்டு நாள் மனஸ்தாபம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

கிளம்பும் முன் மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, அடுத்த ரிவியூவில் நடைச் சோதனை செய்தால் பாதையின் நீளத்தையும் நோயாளி நின்ற நேரத்தையும் அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஃபார்மட்ல கட்டம் இல்லையே சார்" என்றார். பேனாவால் எழுதி வாங்கச் சொல்லி மதனியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பதற்குக் கூச்சப்படுகிற ஆள் அல்ல மதனி.