வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு பெங்களூரு பிளானரிடம் அட்வான்ஸ் கொடுக்கப்போகிறவர்களுக்கு

"வில்லா பிளாக் பண்ணியாச்சு, அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால், பணம் போடுவதற்கு முன் அந்த வில்லாக்காரருக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். எங்களிடம் 11,65,000 ரூபாய் வாங்கிய ஆள் இத்தாலியில் யாருக்கும் பத்து பைசா கட்டவில்லை. கேஸ் நடப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் ஆளை விட்டுவிட்டு, அவர் வேலை செய்யும் விதத்தை மட்டும் எழுதுகிறேன். மாட்டியவர்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும்.

நம்ம ஊரில் மண்டபமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: நான் கட்டிக்கப்போகிறவருடைய அக்கா குடும்பம் ஸ்டுட்கார்ட்டில், என் பக்கத்துச் சொந்தத்தில் பாதி லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும். மொத்தமே 60 பேர். இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் வால் டோர்ச்சா என்றொரு பள்ளத்தாக்கு, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே பியன்சா என்ற ஊர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீடு, ஆனி மாதத்தில், ஜூலை முதல் வாரம் ஒரு முகூர்த்தம். இவ்வளவுதான் ஆசை. இதற்கு மேல் விளக்கம் கிடையாது, கோயம்புத்தூர் பெரியப்பாவுக்குச் சொல்லியே வாய் வலித்துவிட்டது.

பிளானரைப் பிடித்தது இங்கே ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்த கல்யாணக் கண்காட்சியில். ஸ்டால் முழுக்க சைப்ரஸ் மரங்களும் திராட்சைத் தோட்டங்களும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதுமே "நாங்களும் ஈரோட்டுப் பக்கம்தாங்க்கா" என்று ஆரம்பித்தவர், கடைசிவரை அக்கா, மச்சான் என்றேதான் பேசினார். அம்மாவிடம் "உங்க பொண்ணு கல்யாணம் என் தங்கச்சி கல்யாணம் மாதிரிங்கம்மா" என்றார். பெங்களூருவில் கன்னடத்துக்கும் ஹிந்திக்கும் நடுவே ஒருத்தர் கொங்குத் தமிழில் உருகினால் அம்மாக்கள் என்ன ஆவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

மொத்த பேக்கேஜ் 48 லட்சம். முதல் தவணை 9 லட்சம். அதற்கு மேல் "டிசிஎஸ் 20 சதவீதம், கவர்மென்ட்டுக்குப் போறதுங்க்கா, ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துரும்" என்று 1,80,000. (டிசிஎஸ் என்பது விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வருமான வரி.) இத்தாலியில் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்யும் பேப்பர் வேலைக்கு 85,000. ஒரு வாரத்தில் வில்லாவுக்குப் பணம் அனுப்பியதற்கான வங்கிச் சீட்டு என்று ஒரு பிடிஎஃப் வாட்ஸப்பில் வந்தது. வில்லாவின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, விசாவுக்கு உதவும் என்று ஓர் அழைப்புக் கடிதமும் வந்தது.

மெனு, அறைகள், மணமேடை எங்கே என்பதையெல்லாம் முடிவு செய்ய பிப்ரவரியில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். விசா, விமானம் எல்லாம் சொந்தச் செலவு. ஃப்ளோரன்ஸ் விமான நிலையத்தில் "எங்க லோக்கல் கோஆர்டினேட்டர்" என்று ஒரு பையன் காரோடு நின்றான். பாவம், அவன் வெறும் டிரைவர். எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. மெனு டேஸ்டிங் என்று இறங்கிய இடம் டூரிஸ்ட் கூட்டம் சாப்பிடும் சாதாரண ரெஸ்டாரன்ட். பில்லும் எங்களிடம்தான் வந்தது. அப்போதே இவர் "ஏதோ சரியில்ல" என்றார்.

மறுநாள் வில்லா. இடம் பொய்யில்லை, போட்டோவில் பார்த்ததைவிட அழகு. கோதுமை முளைத்து மலையெல்லாம் பச்சை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, அங்கே மேனேஜர், சிரித்த முகமாக வந்து, பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல எல்லா அறைகளையும் காட்டினார். கடைசியில் நான் எங்கள் தேதியைச் சொல்லி, ஐயர் குடும்பத்துக்கு எந்த அறை ஒதுக்கலாம் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பெரிய டைரியை எடுத்து வந்து மேஜையில் விரித்தார். பென்சிலில் எழுதியிருந்தால் விசாரணை, பேனாவில் எழுதியிருந்தால் பணம் வந்தாகிவிட்டது. எங்கள் தேதியில் நீலப் பேனாவில் டென்மார்க்காரர்கள் பெயர். எங்கள் பெயர் பென்சிலில்கூட இல்லை. பிளானரிடமிருந்து அக்டோபரில் விலை கேட்டு ஒரு மெயில் வந்ததாம், இந்த அம்மா பதில் போட்டாராம், அதோடு சரி.

வாட்ஸப் பிடிஎஃபைக் காட்டினேன். அவர் கணக்கு எண் அதில் இல்லை. அதைவிட, இத்தாலி வங்கிக் கணக்கின் ஐபான் எண், அதாவது சர்வதேசக் கணக்கு எண், ஐ, டி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி, மொத்தம் 27 இடம் வரும். எங்கள் சீட்டில் இருந்ததை எண்ணிப் பார்த்தால் 25. ஏதோ ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து இஷ்டத்துக்கு நம்பர் அடித்திருக்கிறார்கள். அழைப்புக் கடிதத்தில் இருந்த கையெழுத்தும் அந்த அம்மாவுடையது இல்லை. நல்லவேளையாக எங்கள் ஆபீஸ் டிராவல் டெஸ்க்கில் இருக்கும் அக்கா "டூரிஸ்ட் விசாவுக்கு இது எதுக்கு" என்று அந்தக் கடிதத்தை ஃபைலிலிருந்து உருவிவிட்டிருந்தார். போலிக் காகிதம் கொடுத்தால் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவை நிராகரிக்க அந்த ஒரு காரணமே போதும். பணம் போனது ஒரு பக்கம், பாஸ்போர்ட்டில் கறை விழுந்திருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

அந்த அம்மா எங்களைத் துரத்தவில்லை. காபி கொடுத்து உட்கார வைத்து, பிளானரின் திட்டத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அங்கேதான் அந்த 48 லட்சத்தின் லட்சணம் முழுசாகத் தெரிந்தது.

"தோட்டத்தில் அக்னி வளர்த்து முகூர்த்தம்." டஸ்கனியில் காட்டுத்தீ பயத்தால் வருடாவருடம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை சருகு எரிக்கவும், காட்டை ஒட்டித் தீ மூட்டவும் தடை. வறட்சி அதிகமானால் தேதியை இன்னும் நீட்டுவார்கள். வில்லாவுக்குப் பின்னாலேயே ஓக் காடு. எங்கள் முகூர்த்தம் ஜூலை முதல் வாரம். ஹோமம் இல்லாத முகூர்த்தத்துக்குத்தான் ஐயருக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார் பிளானர்.

"விருந்தினர் பஸ் வாசல்வரை வரும்." மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை சரளை கொட்டிய வெள்ளை மண் பாதை, அதில் கூர்மையான வளைவு. பெரிய பஸ் திரும்பாது, சின்ன வேன்களில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு பட்ஜெட்டில் ஒரு ரூபாய் இல்லை.

"பூஜை சாமான் கிட், இந்தியாவிலிருந்து, 10 கிலோ நெய் உட்பட." இதற்கு மட்டும் ஒன்றேகால் லட்சம். நெய், பால், மாமிசப் பொருள் எதையும் பயணிகள் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. மாவிலை, வெற்றிலை, கறிவேப்பிலை, பூ இதற்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்று தேவையில்லை என்பது ஒன்றுதான் நமக்கு ஆறுதல்.

பாட்டுக் கச்சேரி, டிஜே எதுவாக இருந்தாலும் அங்கே இசை உரிமைக்கு சியாயே என்ற அமைப்பிடம் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அதுவும் திட்டத்தில் இல்லை. சட்டப் பதிவுக்கு என்று வாங்கிய 85,000 தனிக் கூத்து. இரண்டு இந்தியர்கள் இத்தாலியில் சட்டப்படி கல்யாணம் செய்ய, அங்குள்ள நம் தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், பதிவு அந்த ஊர் நகராட்சி அதிகாரி முன்னால் நடக்க வேண்டும். நாம் கூட்டிப்போகும் ஐயரை வைத்துத் தோட்டத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு அங்கே சட்ட மதிப்பு கிடையாது. அதனால்தான் பெரும்பாலானவர்கள் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து இங்கேயே பதிவு செய்துகொண்டு போகிறார்கள். எதற்கு அந்த 85,000 என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

அங்கிருந்தே போன் போட்டோம். "டென்ஷன் ஆகாதீங்க்கா, அதைவிட சூப்பர் ப்ராப்பர்ட்டி உம்ப்ரியால இருக்கு, அதே ரேட்" என்றார். ஒப்பந்தத்தில் 'இந்த இடம் அல்லது இதற்கு இணையான இடம்' என்று ஒரு வரி இருக்கிறது. எது இணை என்பதை முடிவு செய்வது அவர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் கிரெடிட் நோட், அதுவும் அவர்களிடமே வேறு விழா வைத்தால்தான் செல்லும். இந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் இவர் பிளானர் கொடுத்த பில்லை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜிஎஸ்டி எண் 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலம், கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நாலாவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடம், அது யாருடையது என்று சொல்லிவிடும்: கம்பெனி என்றால் சி, கூட்டு நிறுவனம் என்றால் எஃப், தனி ஆள் என்றால் பி. பில்லின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'பிரைவேட் லிமிடெட்'. ஆறாவது இடத்தில் பி. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது இலவசம், லாகின்கூட வேண்டாம். போட்டால் வேறு யாரோ ஒருவர் பெயரில், ஏற்கெனவே ரத்தான பதிவு. பில்லில் பணம் எதற்கு என்ற இடத்தில் வில்லா என்ற சொல்லே இல்லை, 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருக்கிறது. ஆலோசனைதான் கொடுத்தாகிவிட்டதே, அப்புறம் என்ன பணம் திரும்ப வேண்டும் என்று நாளைக்குக் கோர்ட்டில் சொல்லலாம் பாருங்கள்.

டிசிஎஸ் கதை அதைவிட மோசம். 2025 ஏப்ரல் முதல் இருந்த விதிப்படி, வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சம்வரை 5 சதவீதம், அதற்கு மேல்தான் 20. எங்களிடம் வாங்கியது 9 லட்சம், அதற்கு வர வேண்டியது 45,000. அவர் பிடித்தது 1,80,000. சரி, அரசாங்கத்துக்காவது போனதா? வசூலித்தவர் காலாண்டுக் கணக்குத் தாக்கல் செய்தால் வருமான வரித் தளத்தில் நம் பான் எண்ணுக்கு உள்ள 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை தெரிய வேண்டும். இவருடையதிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை. இந்த விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால் கட்டுகிற அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 26ஏஎஸ்-ஐ மட்டும் விடாமல் பாருங்கள், அதில் இல்லாத டிசிஎஸ் அவர் பாக்கெட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். பணம் போன உடனே சொன்னால் கணக்கை முடக்க வழி உண்டு, எங்கள் பணம் மாதங்களுக்கு முன்பே நகர்ந்துவிட்டது. சைபர் ஸ்டேஷனில் "அக்ரிமென்ட் இருக்கே, இது சிவில் மேட்டர்" என்றார்கள். போலி வங்கிச் சீட்டும் போலிக் கையெழுத்தும் எப்படி சிவில் ஆகும் என்பது எங்கள் வக்கீல் வாதம், அவர் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) என்ற குற்றவியல் சட்டத்தின் 318-ஆம் பிரிவின் கீழ் மோசடி என்று தனியாக மனு போட்டிருக்கிறார். கூடவே சாந்திநகர் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வில்லா அம்மா 'இவர்களிடமிருந்து எந்தப் பணமும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம்தான் இப்போது எங்களிடம் உள்ள பெரிய ஆதாரம். வெளிநாட்டில் இப்படி எதுவும் தெரியவந்தால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஊருக்கு வந்து மெயிலில் கேட்டால் எல்லாரும் அந்த அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் பிளானரிடமிருந்து இரண்டு லட்சம் எங்கள் கணக்கில் விழுந்தது. பின்னாலேயே 'கணக்கு முழுதும் தீர்ந்தது' என்று எழுதிய ஒரு தாள், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி. அனுப்பவில்லை. யாருக்காவது இதே தாள் வந்திருந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கல்யாணம் அதே வில்லாவில்தான், ஆவணியில், செப்டம்பர் முதல் வாரம். தீத்தடை முடிந்திருக்கும், ஊர் அலுவலகத்திடமும் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார்கள். இந்த முறை ஒப்பந்தம் நேராக வில்லாவோடு, பணம் எங்கள் வங்கியிலிருந்தே அவர்கள் கணக்குக்கு. இத்தாலி சிவில் சட்டம் 1385-ஆம் பிரிவின்படி உறுதி முன்பணம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிட்டிருக்கிறோம், அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், நாங்கள் பின்வாங்கினால் கொடுத்தது போச்சு.

பிளானர் இப்போது வேறு பெயரில் கடை விரித்திருக்கிறார். இன்ஸ்டாகிராமில் 'எங்கள் டஸ்கனி ஜோடி' என்று ஒரு படம் போட்டிருக்கிறார்: சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பச்சை சல்வாரில் ஒரு பெண், பக்கத்தில் கறுப்பு ஜாக்கெட்டில் ஒருவர், இரண்டு பேரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அது நாங்கள்தான். அந்த டிரைவர் பையன் எடுத்து அனுப்பிய படம். அந்தப் படத்தை நீக்கச் சொல்லி நோட்டீஸ் போயிருக்கிறது, இதை எழுதும்போதும் அது அங்கேயேதான் இருக்கிறது.