ஸ்ரீபெரும்புதூரா, திருப்பூரா, ஊரிலேயே இருப்பதா?

தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்தில் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த பிள்ளை இருக்கிற வீடு என்றால், மே மாதம் வந்ததும் ஒரே பேச்சுதான். சென்னைப் பக்கம் கம்பெனிக்கு அனுப்புவதா, திருப்பூருக்கு அனுப்புவதா, இல்லை வீட்டிலேயே இருந்து அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதட்டுமா? எங்கள் குடும்பத்தில் மூன்றும் நடந்திருக்கிறது. சித்தி மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடத்தில் இருந்தான். மதினி பதினைந்து வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறார். கடைசித் தம்பி நாலாவது வருஷமாக ஊர் நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். மூவரையும் பக்கத்தில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வேலையின்மை விகிதம் என்று செய்தியில் வருகிற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா முழுவதற்கும் 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்தது 2023-24இல் 3.2 ஆகிவிட்டது. நல்ல செய்தி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில், அப்பாவின் மளிகைக்கடையில் சம்பளமே வாங்காமல் உதவிக்கு நிற்கிறவரும் வேலையில் இருப்பவர்தான். வாரக் கணக்கில் பார்த்தால், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே போதும். என் தம்பி மாதிரி, “வேலை தேடலை, படிக்கிறேன்” என்று பதில் சொல்கிறவன் வேலையில்லாதவர் பட்டியலிலேயே வரமாட்டான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு இதற்கு நேர் எதிர். தனியார் வேலையில் நன்றாக இருக்கிறவரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பார். அதனால் இந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு மூன்று கேள்விகளால் அளக்கிறேன். வேலை கிடைக்க எத்தனை நாள் ஆகும்? அது போய்விட்டால் அடுத்தது கிடைக்க எத்தனை நாள்? ஐந்து வருஷம் கழித்துக் கையில் என்ன நிற்கும்?

முதல் கேள்வியில் திருப்பூரை அடிக்க ஆளில்லை. பனியன் கம்பெனி வாசலில் சாக்பீஸில் எழுதின பலகை தொங்கும்: ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், கைமடி ஆட்கள் தேவை. சான்றிதழ் கேட்பதில்லை. வயதும் பெரிதாகக் கேட்பதில்லை. மதினி போனபோது அவருக்கு முப்பதுக்கு மேல். பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்து, மதிய இடைவேளைகளில் மிஷினில் உட்கார்ந்து பழகி, ஒரு வருஷத்துக்குள் ஓவர்லாக் டைலர் ஆகிவிட்டார். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வர ராத்திரி ஒன்பது. சனிக்கிழமை கையில் வாரச் சம்பளம். புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலை பார்த்தால் வாடகை போக ஊருக்கும் அனுப்பலாம். தென் மாவட்டத்துக் குடும்பங்கள் குடும்பத்தோடு அங்கே போவதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் அடி வருகிற விதத்தையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே நின்றது. 2021-22இல் நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இப்படி அடி விழும்போது திருப்பூரில் யாருக்கும் வேலை போனதாகக் காகிதம் வராது. ஒன்றரை ஷிஃப்ட் ஒன்றாகும், வாரம் ஆறு நாள் நாலாகும், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற பீஸ் ரேட்காரருக்கு அன்றைக்குத் தைக்கத் துணி இருக்காது. சம்பளம் பாதியாகியிருந்தாலும் கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர்தான். சின்ன யூனிட்டுகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடைப்பதும் நிச்சயமில்லை. மதினிக்குப் பதினைந்து வருஷத்தில் மூன்றே வருஷம்தான் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள்.

சரி, சென்னைப் பக்கம். 1998இல் ஹூண்டாய், 2006இல் நோக்கியா என்று தொடங்கி இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் ஒரே தொழிற்பட்டை. காகிதத்தில் திருப்பூரைவிட எல்லாமே மேல். எட்டு மணி நேர ஷிஃப்ட், கேன்டீன், கம்பெனி பஸ், வங்கிக் கணக்கில் சம்பளம். கம்பெனி ரோலில் ஏறி நிரந்தரத் தொழிலாளியாகிவிட்டால் அந்தக் குடும்பம் ஒரு தலைமுறைக்கு நிமிர்ந்துவிடும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய முடிந்ததென்றால், காலூன்றி நிற்க ஓர் இடம் இருந்ததால்தான். பீஸ் ரேட்டில் தைக்கிற என் மதினியால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆனால் எத்தனை பேர் நிரந்தரமாகிறார்கள்? சித்தி மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரு கன்சல்டன்சி மூலமாக டிரெய்னியாகச் சேர்ந்தான். ஓர் அறையில் ஆறு பேர். காலை ஷிஃப்ட் என்றால் நாலரை மணிக்கே கழுத்தில் அடையாள அட்டையோடு ரோட்டில் நிற்க வேண்டும். மூன்று வருஷமும் ஒரே இடத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அதே நாலு போல்ட்டை முடுக்கினான். காலம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள். அடுத்த கம்பெனியிலும் அதே டிரெய்னி. இருபத்தாறு வயதில் “ஏஜ் தாண்டிருச்சு” என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலு போல்ட்டை வைத்து ஊரில் ஒரு பட்டறைகூடப் போட முடியாது.

இங்கே அடி விழுந்தால் ஒட்டுமொத்தமாக விழும். நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் மூடியது. மறைமலை நகர் ஃபோர்டில் 2022 ஜூலையோடு கார் உற்பத்தி நின்றது. வட்டாரம் மீண்டும் எழுந்துவிடுகிறது என்பதும் உண்மைதான், புதுக் கம்பெனிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அவை எடுப்பது பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை. வெளியே போனவர் திரும்ப உள்ளே வருவது அபூர்வம்.

ஊரிலேயே இருந்து தேர்வுக்குப் படிப்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வேலை கிடைத்தால் ஊரில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. கணக்கை மட்டும் பார்ப்போம். 2022 குரூப் 4க்கு அறிவித்த இடம் 7,301, விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024இல் 6,244 இடத்துக்குச் சுமார் 20 லட்சம் பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. தம்பி நன்றாகப் படிக்கிறவன், சில கேள்விகளில் தவறுகிறது. அப்பாவின் பென்ஷன் இருப்பதால்தான் அவனால் நாலு வருஷம் உட்கார முடிகிறது. பென்ஷனோ, நிலமோ, வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்ப ஆளோ இல்லாத வீட்டுப் பிள்ளை இரண்டு தேர்வுக்கு மேல் உட்காரக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

டிப்ளமோ இல்லாதவருக்கு, கல்யாணமாகிக் குடும்பத்தோடு போகிறவருக்கு, முப்பது தாண்டியவருக்குத் திருப்பூர். கொரோனாவில் ஊர் திரும்பிய மதினி ஒரே மாதத்தில் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு நைட்டி தைத்துப் பிழைத்தார். தொழில் கையில் இருந்தது. இருபது வயதில் டிப்ளமோ வைத்திருப்பவருக்கு ஸ்ரீபெரும்புதூர், ஆனால் டிரெய்னியாக ஒரே ஒருமுறைதான். பெண் பிள்ளைகளுக்கு இரண்டும் திறந்திருக்கிறது. இந்தியாவில் ஆலை வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் தமிழ்நாட்டில்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

அந்த விடுதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, ஒரு நெருடலும் வந்தது. அத்தனை பேரை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ப் படுக்க வைக்க முடிகிறதென்றால், ஆலையை ஊர்ப்பக்கம் கொண்டுவர முடியாதா? செய்யாறில் செருப்பு ஆலைக்குப் போகிற பெண்கள் சாயந்தரம் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் சோலார் ஆலை வந்திருக்கிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்திருக்கிறது. வாடகையும் ஓட்டல் சாப்பாடும் மிச்சமாவதால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் கையில் நிற்பது கூடுதலாக இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போன மாதம் சித்தி மகனுக்குச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

“கம்பெனி ரோலா, டிரெய்னியா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே.”