புது கிட்டார் வாங்கச் சொன்னால், முதலில் பி ஸ்ட்ரிங்கைப் பாருங்கள்

பிள்ளைகளைக் கிட்டார் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்களுக்காக இது. புகார் இன்னும் முடியாததால் வகுப்பின் பெயரைப் போடவில்லை.

"தியரியோடு சொல்லித் தருவோம், கிரேடு பரீட்சைக்கும் தயார் பண்ணுவோம்" என்று சொல்லித்தான் என் மகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தியரிக்குத் தனி ஃபீஸ். கொடுத்ததோ கார்ட்ஸ் படம் போட்ட ஜெராக்ஸ் தாள்கள். சி மேஜர் கார்ட் என்பது சி, ஈ, ஜி ஆகிய மூன்று ஸ்வரங்கள் சேர்ந்தது என்றுகூட அதில் இல்லை.

கிட்டாரின் ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நெக் என்ற கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். டியூனிங்குக்கு ஒரே விதி: ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்து, அடுத்த கம்பியை அதற்குச் சமமாக முறுக்கு. தடித்த ஈ-யில் தொடங்கி ஏ, டி, ஜி வரை இது சரி. ஜி-யிலிருந்து பி-க்கு மட்டும் நான்காம் ஃப்ரெட். அதைச் சொல்லவே இல்லை. அங்கேயும் ஐந்தில் பிடித்தால் பி ஸ்ட்ரிங் சி ஆகிவிடும். அதை வைத்து முறுக்கும் கடைசிக் கம்பி ஈ-க்குப் பதில் எஃப்-இல் நிற்கும். அப்புறம் ஜி பிடித்தாலும் சி பிடித்தாலும் அபஸ்வரம்தான்.

அவள் வாசித்ததைக் கேட்ட மாஸ்டர், "நெக் வளைஞ்சிருக்கு சார், இந்த கிட்டார் தேறாது" என்றார். உள்ளறையில் விற்பனைக்குத் தயாராக வரிசையாய்ப் புது கிட்டார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.

சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் நண்பர் வீட்டுக்கு வந்து ஒரு தடவை மீட்டினார். "பி ஸ்ட்ரிங் சி-யில நிக்குதுண்ணே" என்று சொல்லி, இரண்டு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கினார். அதே கிட்டார், அதே ஜி கார்ட், கணீரென்று ஒலித்தது. நெக்கையும் கண் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டும்போது வரும் ஒலியும், அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாகவே இருந்தன. கிட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.

மாஸ்டருக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை. அவருடைய கிட்டார் தலையில் எப்போதும் சுருதி காட்டும் கிளிப் டியூனர் மாட்டியிருக்கும். பிள்ளைகள் டியூனர் பயன்படுத்தினால் "காது வளராது" என்பார். அதே பேட்ச்சில் இன்னும் சிலருக்கும் நெக் வளைந்திருந்ததாம்!

ஃபீஸ் கட்டுமுன் ஜி-யை எந்த ஃப்ரெட்டில் பிடித்து பி-யை டியூன் செய்வது, ஏன் என்று கேளுங்கள். ஒரே கம்பியில் மேஜர் ஸ்கேல் வாசிக்கச் சொல்லுங்கள். வெறும் கம்பியில் தொடங்கி 2, 4, 5, 7, 9, 11, 12 ஃப்ரெட்டுகள். பாட்டு கற்றவர் வீட்டில் இருந்தால் சங்கராபரணம் என்று உடனே சொல்லிவிடுவார். போனில் இலவச டியூனர் ஆப் போட்டு, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே வகுப்பில் கிட்டார் வாங்கியவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.