மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடை: பள்ளிகளில் ஆய்வு செய்கிறவர்களுக்காக

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில், தையல்கடைக்கு அடுத்த கதவு. இரண்டு மெஷின், ஒரு பழைய கணினி, கண்ணாடி அலமாரியில் பள்ளி நோட்டுகள். ஏ4 தாள் ஒரு பக்கம் 10 காசு. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் என் முதுகலை ஆய்வுக்காக ஐந்து மாதம் இந்தக் கடைக்கு நடந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆய்வு செய்யப் போகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

தோட்டத்தை (எஸ்டேட்டை) விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் தலைப்பு. இரண்டு பள்ளிகள், ஐந்தாம் ஆண்டு. முதலில் புத்ராஜெயாவில் கல்வி அமைச்சின் அனுமதி, அப்புறம் ஈப்போவில் மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் தலைமையாசிரியர். ஒவ்வொரு இடத்துக்கும் முந்தைய கடிதத்தின் நகல் வேண்டும். அக்கா (கடைக்காரர்) அவற்றை ஒரே கோப்பாக அடுக்கி, பிரித்தெடுக்கத் தாள் செருகிக் கொடுத்தார். இந்த வேலைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

வினாநிரல் அச்சடிக்கப் போன அன்று கணினியில் என் கோப்பைத் திறந்ததும் எழுத்துகள் உடைந்து நின்றன. ‘கொ’ இருந்த இடங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தமிழ் படிக்கத் தெரியாத கடையாக இருந்தால் அப்படியே அத்தனை பிரதியும் ஓடியிருக்கும். அக்கா நிறுத்தினார். “பத்து வயசுப் பிள்ளை இதை எப்படிமா படிக்கும்?” பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவரச் சொன்னார், எழுத்தையும் 12இலிருந்து 16 ஆக்கச் சொன்னார். செய்தேன்.

பெற்றோர் சம்மதக் கடிதம்தான் பெரிய கதை. முதல் பள்ளியில் 23 கடிதம் கொடுத்தனுப்பினேன், 6 திரும்பி வந்தது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஒரு ஆசிரியர் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். மறுபடி நகல் எடுக்கப் போனபோது அக்கா கடிதத்தை முழுக்கப் படித்தார்.

“தங்கச்சி, கையெழுத்துன்னாலே நம்ம சனத்துக்குப் பயம். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னப்ப எங்கப்பாகிட்டயும் கிராணி (தோட்டத்து எழுத்தர்) இப்படி ஒரு தாளைத்தான் நீட்டுனாரு. மலாய்ல இருந்துச்சு. போட்டுட்டு வந்துட்டாரு.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாக மாறிய கதையைத்தான் என் ஆய்வின் முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தேன். அதே பயம் என் கடிதத்தின் கடைசிக் கோட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார், புரியாத இடத்தில் நிறுத்தினார். ‘தங்கள் பிள்ளை இவ்வாய்வில் பங்கேற்பாளராக ஈடுபடுத்தப்படுவதற்கு’ என்று தொடங்கியது இப்படி ஆனது: ‘உங்கள் பிள்ளையிடம் பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் பேசப் போகிறேன். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை எழுந்து போகலாம். பெயரை எங்கும் எழுதமாட்டேன். இந்தத் தாளுக்கும் உங்கள் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ மாற்றிய கடிதத்தைப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்குத் திரும்ப அனுப்பியதில் இரண்டு வாரம் போனது. போகட்டும். கடிதம் திரும்பி வராத அந்த 17 வீடுகளுக்கும் புதியதை அனுப்பினேன், 13 வந்தது.

உறை யோசனையும் அக்காவுடையதுதான். வகுப்பின் பின்னால் ஆசிரியர் நின்றிருந்த நாளில் எல்லாப் பிள்ளைகளும் ‘மிகவும் பிடிக்கும்’ கட்டத்திலேயே கோடு போட்டிருந்தார்கள். சோதனைத்தாள் மாதிரி ஆசிரியர் திருத்துவார் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த பள்ளியில் ஆளுக்கொரு உறை கொடுத்து, பிள்ளைகளையே ஒட்டச் சொன்னேன். பதில்கள் மாறின. பள்ளிக்கு வரவே பிடிக்கவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள், ஏன் என்றும் எழுதியிருந்தார்கள்.

சரி, குறை. கடையின் முகப்பு மேசை திறந்தவெளி. ஒரு மதியம் என் நேர்காணல் பதிவுகளை அச்சடித்து மேசையிலேயே வைத்திருந்தார்கள். அவை இரண்டாவது பள்ளியின் பதிவுகள். பயிற்சித்தாள் நகல் எடுக்க வந்தவர் அதே பள்ளி ஆசிரியை. பெயர்களை நான் எடுத்துவிட்டிருந்தேன். ஆனால் அந்தப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் இருப்பதே 11 பேர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923 தொழிலாளர் சட்டத்தால் தோட்டந்தோறும் வந்த பள்ளிகளில் பல, தோட்டம் காலியானதும் 150 மாணவர்கள்கூட இல்லாத பள்ளிகளாகிவிட்டன. அங்கே ஒரு பையன் சொன்ன ‘தாத்தாவோடு இருக்கிறேன்’ என்ற ஒரு வரி போதும், யார் என்று தெரிந்துவிடும். ஆசிரியை பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பையனை நினைத்து அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கெட்டுப்போன தாள்களைக் கணக்கு எழுத எடுத்து வைக்கும் பழக்கமும் கடையில் உண்டு. சொன்ன பிறகு எனக்கென்று ஒரு பை வைத்து அதில் போட்டார்கள். என் பக்கத்திலும் தப்பு இருக்கிறது, கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவை கடைக் கணினியிலேயே தங்கிவிடும். பென்டிரைவ் கொண்டுபோங்கள், அச்சு முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். நேர்காணல் பதிவுகளை இப்போது வீட்டில்தான் அச்சடிக்கிறேன். கடிதங்களும் வினாநிரலும் மட்டும் இங்கே.

காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள். மதியம் பள்ளி விடும் நேரத்தில் கூட்டம், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடையில் பழுப்பு நிறப் பெரிய உறைதான் இருக்கிறது, சின்ன உறை வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதம் எதுவானாலும், நகல் எடுக்கும் முன் அக்காவை ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.