பழைய மென்பொருளின் நீள வரம்பைச் சரிசெய்து தரும் மேற்கு மாம்பலம் சேவை: எங்கள் நூலகத்தின் மதிப்பீடு

திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் சிறு நூலகத்தின் உறுப்பினர் பதிவேடு, சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய திறமூல மென்பொருளில்தான் இன்றும் இருக்கிறது. அதன் உள்ளீட்டு நீள வரம்பை நீக்கும் வேலையை, மேற்கு மாம்பலத்தில் இருவர் நடத்தும் மென்பொருள் பராமரிப்புச் சேவையிடம் ஒப்படைத்தோம். மிகவும் பொறுப்பாகச் செய்து கொடுத்தார்கள். குறை ஒன்று உண்டு.

ஊர்ப் பெயருக்கு அந்த மென்பொருளில் ஒதுக்கியிருந்தது 40 பைட் (கணினி நினைவகத்தை அளக்கும் சிறு அலகு). எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'Triplicane' என்று எழுதினால் 10 பைட்தான் ஆகும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையிலோ தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறியீடுகள் என்பதால், எட்டே எழுத்துள்ள 'திருவல்லிக்கேணி' 45 பைட் பிடிக்கிறது. தட்டுவதைப் படிக்கும் சி மொழிக் கட்டளையான 'எஃப்கெட்ஸ்' (fgets) 39 பைட்டைப் படித்து 'திருவல்லிக்கே' என்று நிறுத்திவிடும். மிஞ்சிய 'ணி' அஞ்சல் குறியீட்டுக் கட்டத்தில் போய் விழும். அதைக் கவனிக்காமல் நாம் தட்டும் 600005 தொலைபேசி எண்ணாகப் பதிவாகும்.

40 என்ற எண்ணை 400 ஆக்கினால் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. அது ஆபத்தான யோசனை, ஏனெனில் உள்ளே வரும் சொல் அதன்பின் நீளத்தைப் பார்க்காமலே நகலெடுக்கும் 'ஸ்டர்காப்பி' (strcpy) என்ற கட்டளை வழியாக வேறு சிறிய இடங்களுக்கு நகலெடுக்கப்படுகிறது. வாசலை மட்டும் அகலப்படுத்தினால் அங்கே நினைவகம் வழிந்து மற்றத் தகவல்களைக் கெடுத்துவிடும். மேற்கு மாம்பலம் சேவையினர் வரிக்குத் தக்கபடி நினைவகம் எடுத்துக்கொள்ளும் 'கெட்லைன்' (getline) முறைக்கு மாற்றியதோடு, அத்தகைய நகல் இடம் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் திருத்தினார்கள். நிலையான நீளத்தில் இருந்த பழைய பதிவுகளை, முதலில் ஒரு பிரதியில் சோதித்த பிறகே புதிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். நினைவகத்தைக் காக்க ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வெட்டாமல், தமிழிலேயே அறிவித்து மறுபடி கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

திருத்தங்களைத் தனித்தனிப் பேட்ச்களாக (மாற்றிய வரிகளை மட்டும் காட்டும் திருத்தக் கோப்புகள்) விளக்கத்துடன் கொடுத்தார்கள். கட்டணமும் முதலில் சொன்ன தொகையைத் தாண்டவில்லை.

குறை அச்சுப் பகுதியில்தான். முகவரிச் சீட்டு இன்னும் அகலத்தைப் பைட் கணக்கிலேயே அளப்பதால், நீண்ட தெருப் பெயர்கள் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகின்றன. அது தனி வேலை, தனிக் கட்டணம் என்று வேலை முடிந்த பிறகே தெரிவித்தார்கள். மதிப்பீட்டுத் தாளிலேயே அதைக் குறித்திருக்க வேண்டும். இவர்களிடம் செல்பவர்கள், அச்சுப் பகுதியும் சேர்ந்ததா என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.